கண்ணாடி ஏற்றிய வண்டி

விடியற்காலையில் நாயின் முதுகு சுடக் கூடாது.

கோட்டக்குப்பம் கடற்கரையில் இரவெல்லாம் காற்று அடித்திருந்தது. போர்வை உப்புப் பிசுபிசுப்போடு ஈரமாகக் கிடந்தது. தலைமாட்டில் இருந்த எவர்சில்வர் டம்ளர் விரலுக்குச் சில்லென்றது. வேனின் தகரக் கூரைகூடக் குளிர்ந்து போயிருந்தது. வேங்கடேசன் தூக்கக் கலக்கத்தில் கையை நீட்டி, காலடியில் படுத்திருந்த கேப்பையின் முதுகைத் தடவினார். தடவிய கையைப் படக்கென்று இழுத்துக்கொண்டார். உச்சிவெயிலில் நிறுத்திவைத்த பைக்கின் சீட்டைத் தொட்டது போல இருந்தது.

காய்ச்சல் சூடு இல்லை. காய்ச்சலில் ஓர் ஈரம் இருக்கும். இது வறண்ட சூடு, தகரத்தின் சூடு. நாய் இளைக்கவில்லை. நாக்கைத் தொங்கப் போடவில்லை. முகவாயை அவருடைய பாதத்தின் மேல் வைத்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாங்க, கைய உதர்றீங்க?" என்றாள் கலைப்பிரியா, அடுப்பில் பால் வைத்தபடி.

"ஒண்ணுமில்ல. எறும்பு."

அவள் திரும்பவில்லை. "நான் கோலியனூர் போயிருந்தப்ப இவ நல்லா சாப்ட்டாளா?"

"சாப்ட்டா."

"இன்னா போட்டீங்க?"

"தயிர் சோறு."

"வெயில்ல எங்கியும் வுட்டுடலியே?"

"அதெல்லாம் இல்ல பிரியா."

பால் பொங்கி வந்தது. அவள் அடுப்பை அணைத்தாள்.

வேங்கடேசனுக்கு அறுபத்து மூன்று வயது. விழுப்புரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் லேப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, பலகைக் கட்டிலும் தண்ணீர்த் தொட்டியும் அடுப்பு மேடையும் தன் கையாலேயே பொருத்தினார். ஊர்க்காரர்கள் அதைக் கேரவன் என்று கிண்டலாகச் சொல்லப் போக, அதுவே பெயராகிவிட்டது. பிள்ளை இல்லாத வீடு. பூட்டிவிட்டுக் கிளம்புவதில் சிரமம் இல்லை. கடலோர ஊர் ஒன்று, உள்நாட்டு ஊர் ஒன்று என்று மாற்றி மாற்றித் தங்கிக்கொண்டு, மாதத்தில் பாதி நாள் வண்டியிலேயே கழிந்தது. கூடவே கேப்பை. விக்கிரவாண்டியில் ஒரு லாரியின் டயருக்கு அடியில் கலைப்பிரியா கண்டெடுத்த குட்டி. கேழ்வரகு நிறம் என்பதால் அந்தப் பெயர்.

இரண்டு வருடம் முன்பு குடியால் அவருக்கு ஈரல் கெட்டது. புதுச்சேரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கலைப்பிரியா இருபத்தோரு நாள் தரையில் படுத்தாள். வீட்டுக்கு வந்த அன்று அவள் சத்தியம் கேட்டாள். யார் தலையில் அடித்துச் செய்வது? பிள்ளையா, குட்டியா? வாலை ஆட்டிக்கொண்டு கேப்பை நடுவில் வந்து நின்றது. அவர் அதன் தலையில் கையை வைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்றார். மூன்று பேருமே சிரித்தது போலத்தான் அன்றைக்கு இருந்தது.

காலை வெயில் ஏறியதும் அவர் டீக்கடைக்கு நடந்தார். நாய் பின்னாலேயே வந்தது. கடை வைத்திருந்த ஷபியுல்லா பாய் இருபது வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவர். எல்லோரிடமும் நின்று நிதானித்துப் பேசுகிறவர். அன்று அவர் பார்வை வேங்கடேசனைத் தாண்டிப் போயிற்று.

"சார், ஒண்ணு கேக்கட்டா? தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுங்க பாய்."

"இந்தத் தெருவுல பதினஞ்சு நாய் இருக்கும். வேத்து நாய் எதுனா வந்தா ஊரையே ரெண்டாக்கிடும்ங்க. ஒங்க நாய் வந்து மூணு நாளாச்சு. ஒண்ணுகூட கொலைக்கல."

வேங்கடேசன் திரும்பிப் பார்த்தார். படகுகளின் நிழலில் நாய்கள் இருந்தன. எட்டோ ஒன்பதோ. எல்லாம் உட்கார்ந்திருந்தன. எல்லாம் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றின் வால்கூட அசையவில்லை.

"நல்ல நாய், அதான்," என்றார் வேங்கடேசன். தன் குரல் தனக்கே கேவலமாகக் கேட்டது.

பாய் டீயை நீட்டினார். அதற்குப் பிறகு அவர் நாய் இருந்த பக்கம் பார்க்கவே இல்லை.

அந்த நாயை வேங்கடேசன் தன் கையால் புதைத்திருந்தார்.

ஐந்து நாளுக்கு முன்பு திண்டிவனத்தில் நடந்தது. கோலியனூரில் கலைப்பிரியாவின் அக்கா பேத்திக்கு மஞ்சள் நீராட்டு. ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கரையில், வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, அவளைப் பஸ் ஏற்றி அனுப்பினார். மறுநாள் அவரே விழுப்புரம் வந்து கூட்டிக்கொள்வதாகப் பேச்சு. கத்திரி வெயில் நாள். பஸ் போனதும் கால் அவரைக் கேட்காமலே ஒயின்ஷாப் பக்கம் திரும்பியது. முதலில் வண்டிக்கு வந்து, நாய் குதித்து ஓடாமல் இருக்கக் கண்ணாடி எல்லாவற்றையும் ஏற்றினார். மரநிழல்தானே. அரை மணி நேரம்தானே. பதினோரு மணிக்குக் கதவைச் சாத்தினார்.

நிழல் பன்னிரண்டு மணிக்கே நகர்ந்துவிட்டது. அவர் நாலரைக்குத்தான் வந்தார், வாயில் பாக்கு மென்றுகொண்டு.

கதவைத் திறந்தபோது உள்ளிருந்து வந்தது காற்று இல்லை. செங்கல் சூளையின் வாயைத் திறந்தது போல இருந்தது. கண்ணாடிகளில் மூக்கு உரசிய தடம், எச்சில் காய்ந்த தடம். கதவு ரப்பர் நார்நாராகக் கிழிந்து தொங்கியது. கேப்பை முன்சீட்டுக்கு அடியில், பிரேக் மிதிக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது. அங்கேதான் கொஞ்சமாவது குளிர்ச்சி இருந்திருக்கும். வாய் திறந்திருந்தது.

அவர் அழவில்லை. அழுவதற்கு முன்னால் சுற்றுமுற்றும் பார்த்தார், யாராவது பார்த்துவிட்டார்களா என்று. அதை நினைத்துத்தான் பிறகு அவருக்கு உடம்பு கூசியது. கூசிக்கொண்டே இருந்தது.

நீலத் துண்டில் சுற்றி, கரைக்குக் கீழே காய்ந்த ஏரி மண்ணில் புதைத்து, மேலே மூன்று கல் வைத்தார். வண்டியைப் பினாயில் விட்டுக் கழுவினார். ரப்பரை மாற்றினார். விக்கிரவாண்டியில் கதவைத் திறந்தபோது குதித்து ஓடிவிட்டாள் என்று சொல்வதாக முடிவு செய்தார். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வெளியே அதையே உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு காத்திருந்தார். கலைப்பிரியா தாம்பூலப் பையோடு வந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் பின்கதவை இழுத்தாள்.

உள்ளே கேப்பை உட்கார்ந்திருந்தது.

கலைப்பிரியா கதவில் வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "வாடி," என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

கண்டமங்கலம் தாண்டும்வரை அவர் ரோட்டைப் பார்ப்பதும் பின்னால் திரும்பிப் பார்ப்பதுமாக ஓட்டினார். அப்புறம் மனசு தனக்கு வேண்டிய வழியை வெட்டிக்கொண்டது. சாகவில்லை, மயக்கம்தான் போட்டிருக்கிறது. குடிபோதையில் சரியாகப் பார்க்கவில்லை. மண்ணை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிட்டது. அப்படியானால் உயிரோடு இருந்ததையா புதைத்தோம் என்று தோன்றியபோது வெட்கம் இன்னும் ஒரு முழம் ஏறியது. ஆனாலும் அதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதி கோட்டக்குப்பம் வரைக்கும் தாங்கியது.

கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணத்துக்குப் போனார்கள். உப்பளங்களுக்கு நடுவே போகும் மண்பாதையில் வண்டியை நிறுத்தினார். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைக் குவியல்கள். அவற்றின் மேல் வெயில் பட்டுத் திரும்பி முகத்தில் அறைந்தது. சேற்று நாற்றமும் உப்பு நாற்றமும் கலந்து தொண்டையில் ஒட்டியது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பரை விசிறிக்கொண்டிருந்தார். நாய் அவர் பாதத்தின் மேல் முகவாயை வைத்திருந்தது. அந்த இடத்தில் தோல் சிவந்து, நேற்று ஒரு கொப்புளம் கிளம்பியிருந்தது. காலை நகர்த்தினால் நாயும் நகர்ந்தது.

"காத்துல உப்பா வருது," என்றாள் கலைப்பிரியா. "கண்ணாடிய ஏத்துங்க."

"வேகுது பிரியா."

"எனக்கு ஒண்ணும் தெரியலியே."

அவள் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. அவளே வந்து கண்ணாடியை ஏற்றினாள். ஒன்று. இரண்டு. கடைசி ஜன்னலில் மட்டும் இரண்டு விரல் இடைவெளி விட்டாள். கோட்டக்குப்பத்தில் நாலு விரல் விட்டிருந்தாள் என்பது அவருக்கு நினைவு வந்தது. அதற்கு முன்னால் பாதிக்குப் பாதி.

"திண்டிவனத்துல வண்டிய எங்க வச்சிருந்தீங்க, நான் போன அப்புறம்?"

"பெட்ரோல் பங்க்காண்ட. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அவள் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கடலை ஓடு உடையும் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவள் காத்திருப்பது போல ஒரு சின்ன நிறுத்தம். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிக்கு வந்தது. பிரியா, நான் அன்னிக்குக் குடிச்சேன். நாலே வார்த்தை. ஆஸ்பத்திரித் தரையில் அவள் விரித்த கிழிந்த ஜமுக்காளம் கண்ணில் பட்டது போல இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

நாய் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. பிறகு கலைப்பிரியாவைப் பார்த்தது. மறுபடி முகவாயை வைத்தது, அந்தக் கொப்புளத்தின் மேலேயே.

"நாளைக்குத் திண்டிவனம் போலாம்ங்க," என்றாள் அவள். "அந்த ஏரிக்கரைல ஒரு வேப்பமரம் இருந்துதே. நல்ல எடம்."

அவர் வேறு ஊர் சொல்லிப் பார்த்தார். செஞ்சி என்றார். மயிலம் என்றார். அவள் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை, மறுநாள் காலையில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "போலாமா, திண்டிவனம்?" என்றாள். ஏன் என்று கேட்க முடியாத இடத்தில் இருக்கிறவன் மறுக்கவும் முடியாது. ஓட்டினார்.

வழி நெடுக ஜன்னல்கள் மூடியிருந்தன. அவர் ஒன்றைத் திறந்தால் அவள் பேசாமல் மூடினாள். பின்னாலிருந்து அந்தச் சூடு சீட்டின் வழியாக முதுகெலும்பில் ஏறிக்கொண்டிருந்தது. ரியர்வியூ கண்ணாடியில் பார்த்தார். நாய் நடுவில் உட்கார்ந்திருந்தது. வண்டி குலுங்கியது. பாத்திரங்கள் குலுங்கின. நாய் குலுங்கவில்லை.

ஏரிக்கரையை அடைந்தபோது மணி பதினொன்று. வேப்பமரம். அதே நிழல்.

"நான் கொஞ்சம் படுக்கறேன்," என்றாள் கலைப்பிரியா.

அவர் காத்திருந்தார். அவள் மூச்சு சீரானதும் சின்ன மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். எதையும் நிரூபிக்க அல்ல. குழி காலியாக இருந்தால் போதும். மண் பிளந்து, கல் உருண்டு, துண்டு மட்டும் கிடந்தால் போதும். அதைப் பார்த்துவிட்டால் பயம் போய்விடும். வெட்கத்தோடு மட்டும் எப்படியாவது வாழ்ந்துவிடலாம்.

கரைச்சரிவில் இறங்கினார். ஏரி மண் வெடித்து, தட்டுத் தட்டாய் நிமிர்ந்து நின்றது. காக்காய்கூட இல்லை.

மூன்று கல்லும் இருந்தன.

வைத்த இடத்திலேயே. வைத்த மாதிரியே.

அவர் முட்டிபோட்டார். கல்லை நகர்த்தினார். வெட்டினார். மண் இறுகியிருந்தது, யாரும் தொடாத மண். ஓர் அடி. வேர்வை கண்ணில் இறங்கியது. இன்னும் கொஞ்சம். நாற்றம் முதலில் வந்தது. பிறகு நீலம்.

திறக்க வேண்டாம் என்று கை சொன்னது. திறந்தார்.

இருந்தது.

கழுத்துப்பட்டை இருந்தது. கேழ்வரகு நிற மயிர் இருந்தது. வாய் அன்றைக்கு எப்படித் திறந்திருந்ததோ அப்படியே திறந்திருந்தது. முன்னங்கால் நகங்களுக்கு இடையே கருப்பு ரப்பர் துணுக்கு.

நிமிர்ந்தார். கரைமேல் வானத்துக்கு எதிரே அது நின்றது. அதன் பக்கத்தில் கலைப்பிரியா.

அவள் மெதுவாக இறங்கி வந்தாள். குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூக்கைப் பொத்தவில்லை. துண்டின் ஓரத்தை விலக்கி, புழு நெளியும் அந்தத் தலையை உள்ளங்கையால் ஒருதரம் வருடினாள்.

"பிரியா, நான் அன்னிக்கு..."

"தெரியும்."

"குடிச்சேன். அரை மணி நேரம்னுதான் போனேன். சத்தியமா..."

அந்த வார்த்தையில் அவர் நின்றுவிட்டார். அவளும் அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தது போல இருந்தது.

"கேப்பைக்கு எடது காது மடிஞ்சிருக்கும்," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "அதுக்கு வலது காது. விழுப்புரத்துல கதவத் தொறந்த உடனே பாத்தேன். நாலு வருசமா உங்க காலடியில படுத்துக்கினு இருந்தவ. எந்தக் காதுன்னு உங்களுக்குத் தெரியல."

அவருக்குத் தெரியவில்லை. இப்போதும், குழிக்குள் பார்க்காமல் சொல்லத் தெரியவில்லை.

"அப்ப அது இன்னா?"

"எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சுமா உள்ள வச்சிருந்த? வெரட்டியிருக்கலாமே."

"ஒவ்வொரு ஊர்லயும் கேட்டேன். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒரு வார்த்த." அவள் துண்டை மறுபடி மூடினாள். "அது உங்களத் தேடிக்கினு வந்துது. வெரட்ட நான் யாரு?"

காற்று இல்லை. ஏரி முழுக்க வெயில் ஒரு சத்தம் போல நின்றது.

"மண்வெட்டியக் குடுங்க," என்றாள். "நான் இவள ஒழுங்கா பொதச்சிட்டு வர்றேன். நீங்க போய் வண்டியில உக்காருங்க."

ஓடியிருக்கலாம். கரையைத் தாண்டினால் ரோடு. ரோட்டில் பஸ், லாரி, மனுசர்கள். அவர்களிடம் போய் என்னவென்று சொல்வது? அவள் முகத்தைப் பார்க்க முடியாத ஒருவர் அவள் சொன்னதைச் செய்வதைத் தவிர வேறு என்ன செய்வார்? மண்வெட்டியைக் கொடுத்தார். சரிவில் ஏறினார். அது அவருக்கு முன்னால் நடந்தது, வழி தெரிந்த நடை. வண்டிக்குள் முதலில் ஏறியது. அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தது.

ஏறினார். உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் காலடி கேட்டது. கதவு அதன் தடத்தில் உருண்டு வந்து மூடியது. கடைசி ஜன்னலின் கண்ணாடி ஏறியது. இரண்டு விரல். ஒரு விரல். பிறகு இடைவெளி இல்லை.

கதவு பூட்டியிருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை.

நிழல் போய்விட்டது. கூரைத் தகரம் டக்கென்றது. மறுபடி டக். பினாயில் வாடைக்கு அடியிலிருந்து வேறொரு வாடை எழுந்தது. சட்டை முதலில் நனைந்தது, அப்புறம் காய்ந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. கொஞ்சமாவது குளிர்ச்சி தேடி ஜன்னலோரத் தரையில் சரிந்தார். பக்கத்தில் அது மூச்சு விடவில்லை. இதுவரை ஒருதரமும் விட்டதில்லை.

தட்டலாம். ஒரு தட்டு. கை எழுந்தது. கண்ணாடிவரை போனது.

அந்தப் பக்கம் கலைப்பிரியா நின்றுகொண்டிருந்தாள். கண்கூச்சத்துக்கு இரண்டு கையாலும் முகத்தின் இருபுறமும் அணை கட்டி, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி, உள்ளே பார்த்தாள். விரல்களில் ஏரி மண். அவள் கண் சீட்டில் தேடியது, கட்டிலில் தேடியது, பிறகு கீழே இறங்கி, அவர் முகத்தில் வந்து நின்றது. இமைக்கவில்லை. அவர் கை அப்படியே இறங்கியது. வெட்கமாக இருந்தது. இவ்வளவுக்குப் பிறகு அவளைக் கூப்பிட வெட்கமாக இருந்தது.

அவருக்குப் பக்கத்தில் அது எழுந்தது. முன்னங்கால் இரண்டையும் கண்ணாடியில், அவள் முகத்துக்கு நேரே ஊன்றியது.

அவள் சிரித்தாள். மண் படிந்த ஒரு விரலை எடுத்து, வெளியிலிருந்து, அந்தப் பாதத்தின் மேல் மெல்ல வைத்தாள்.